மூன்றாவது அட்டை

எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டுவதானாலும் சரி, கல்யாணம் பேசுவதானாலும் சரி, முதலில் பூக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, கோயிலுக்கு வந்திருக்கிற ஏதாவது ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் பேச்சில்லை என்பார் பூசாரி.

என் அப்பா திருமலைசாமிக்கு அதற்கு மேல்தான் பேச்சே ஆரம்பமாகும். கிணத்துக்கடவில் முப்பது வருஷம் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். ஒருத்தர் சொன்ன முதல் விலைக்குத் தலையாட்டினதாகச் சரித்திரமே கிடையாது. அம்மனிடம் மட்டும் ஆட்டுவாரா? சிவப்பு வந்தால், "கொழந்தை மூக்கைச் சிந்திப்போட்டு அந்தக் கையிலயே எடுத்துதுங்க. அது செல்லாதுங்க. இன்னொருக்கா போடுங்க" என்பார்.

எனக்குப் பெண் பேசினபோது முதல் தடவை சிவப்பு. அப்பாவுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பெண் வீட்டுத் தோப்புக்கும் எங்கள் தோப்புக்கும் நடுவில் ஒரு வேலிதான். இரண்டாவது தடவையும் சிவப்பு. பூசாரி வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார், அப்பா விடவில்லை. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. அப்படி வந்தவள் என் மனைவி சாந்தாமணி. பூவைக் கேட்டார்கள், பூசாரியைக் கேட்டார்கள், மாமன் மச்சான் எல்லோரையும் கேட்டார்கள். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லைதான். ஆனால் தோப்பு இரண்டு மடங்கு ஆகிற சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

அப்பா போன பிறகு மண்டி என் கைக்கு வந்தது. அவருடைய பயங்களும் சேர்ந்தே வந்தன. ஆனால் பேரம் பேசி அவற்றை மடக்குகிற அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை. ராகு காலத்தில் லாரி கிளம்பாது. பல்லி சொன்னால் பேசி முடித்த தோப்பும் கைமாறிப் போகும். பூனை குறுக்கே போய்விட்டால் அன்று முழுக்க மண்டியில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பூனைக்கு எங்கள் தெருவில் என்னைவிட அதிகாரம் இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றபோது ஓர் ஆள் கைப்பிரதி ஒன்றை நீட்டினார். வடையில் எண்ணெய் பிழிய ஆகும் என்று வாங்கினேன். வடையைத் தின்று முடித்துவிட்டு, எண்ணெய் படாத மூலையில் இருந்த இரண்டு வரியைப் படித்தேன். கிறிஸ்து உன்னை விடுதலையாக்கிவிட்டார், இனிமேல் நீ எந்தப் பயத்துக்கும் அடிமை இல்லை என்கிற மாதிரி எழுதியிருந்தது.

"இதுக்கு நான் என்ன பண்ணோணுமுங்க?" என்றேன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்ணா. அவரு பண்ணி முடிச்சுட்டாரு. வாங்கிக்கோணும், அவ்வளவுதான்."

வியாபாரிக்கு இதைவிடச் சந்தேகமான பேச்சு கிடையாது. சும்மா தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நாங்கள் மூட்டையின் அடியைத்தான் முதலில் குத்திப் பார்ப்போம். எங்கே சொத்தை இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சபைக்குப் போனேன். உக்கடத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த ஹால். அந்த ஆள்தான் பாஸ்டர். பெயர் அப்புசாமி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மில் வேலை போன பிறகு ஊழியத்துக்கு வந்தவர்.

"பேரை மாத்திக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அவரு அப்புசாமீன்னுதானுங்ணா கூப்பிட்டாரு. மாத்திப்போட்டா அடையாளம் தெரியாமப் போயிருமுங்க."

சொத்தை ஒன்றும் அகப்படாமல் சபையில் சேர்ந்தபோது நானும் ஈஸ்வரமூர்த்தியாகவே இருந்துகொண்டேன். எங்கள் தோட்டத்துத் தொட்டியில்தான் ஞானஸ்நானம். என்னை முக்கி எடுத்த பிறகு பாஸ்டர், தொட்டி ஓரமாக நின்ற சாந்தாமணியைப் பார்த்தார். "அக்கா, அண்ணன் எடுத்தாருன்னு நீங்க எடுக்கோணுமுன்னு இல்லீங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?" என்றார். அவள் அழுதுவிட்டாள். பயந்து அழுகிறாள் என்று நான் நினைத்தேன். அன்று சாயங்காலம் தலை துவட்டும்போது சொன்னாள்: "சம்மதமான்னு என்னைய ஒருத்தரு கேட்டது இதுதானுங்க மொதத் தடவ."

அந்த ஆறு மாதம் மாதிரி நான் வாழ்ந்ததே இல்லை. ராகு காலத்தில் லோடு அனுப்பினேன். அந்த நேரத்தில் மற்றவர்கள் சரக்கு ஏற்றாததால் லாரிகள் சும்மா நின்றன, வாடகையும் இறங்கியது. பூனை குறுக்கே வந்தால் பால் ஊற்றினேன். ஊரில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் விசில் அடித்துக்கொண்டு போனேன்.

அப்புறம் புது வருஷம் வந்தது. சபையில் ஆராதனை முடிந்து எல்லோரும் வரிசையில் போய் ஒரு பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்தார்கள். சின்ன அட்டை, அதில் ஒரு வேத வசனம். அந்த வருஷத்துக்கு அது உனக்கு என்று ஒரு ஆறுதல். நான் கையை உள்ளே விட்டபோதே உள்ளங்கை வியர்த்தது. இந்த வியர்வை எனக்குப் பழக்கமானது. எங்கே பழகியது என்று மட்டும் அப்போது யோசிக்கவில்லை. அட்டையில் இருந்தது நல்ல வசனம். அந்த வாரமே, ரொட்டி மாதிரி வடிவத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் இருநூறு அட்டை போட்டு விற்றார்களே, அதில் ஒன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேஜைக்கு மேலே அலமாரியில் வைத்தேன்.

முதலில் காலையில் ஒரு அட்டை. பிறகு லோடுக்கு ஒரு அட்டை. எந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது, எந்தத் தரகரை நம்புவது, மகள் கலாமணியை வெள்ளகோவிலில் கொடுக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் கை அலமாரிக்குப் போனது. பிடிக்காத அட்டை வந்தால், ஜெபம் சரியாகப் பண்ணவில்லை என்று இன்னொன்று எடுப்பேன். சபையில் யாராவது கேட்டிருந்தால், நான் கர்த்தரை விசாரிக்காமல் ஒரு காரியமும் செய்கிறதில்லை என்று சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன், மைக்கில்.

தொண்ணூற்றைந்து ஆடியில் ஒரு நாள் சாந்தாமணி குளித்துவிட்டு வந்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, மாருல கட்டியாட்டம் ஒண்ணு தட்டுப்படுதுங்க. வலியில்ல."

என் அண்ணி இதே சொல்லைச் சொன்ன மூன்றாம் மாதம் ஆப்பரேசன் டேபிளிலேயே போனவள். ஆஸ்பத்திரி என்றதும் அவளைப் போர்த்தியிருந்த பச்சைத் துணிதான் எனக்குக் கண்ணில் நின்றது. "இரு, கேட்டுப்போட்டுச் சொல்றேன்" என்று அலமாரிக்குப் போனேன். அவள் குழம்பைப் பார்க்க அடுப்படிக்குப் போனாள்.

முதல் அட்டை, பயப்படாதே என்றது. பயந்துகொண்டிருக்கிறவனிடம் பயப்படாதே என்று சொல்லி என்ன பிரயோஜனம்? உள்ளே வைத்தேன். இரண்டாவது, களஞ்சியங்கள் நிரம்பும் என்றது. அதையும் வைத்தேன். மூன்றாவது அட்டையில் நோய்கள் எல்லாம் குணமாகும் என்கிற வசனம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"பாரு சாந்தா, என்ன வந்துருக்குதுன்னு! ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நான் அதைப் பாஸ்டரிடம் சொன்னேன். அவர் மைக்கை அவளிடம் கொடுத்தார். அவள் வார்த்தை வராமல் இரண்டு வரி சொல்லி உட்கார்ந்தாள். சபை கைதட்டியது. சபையின் மாதப் பத்திரிகையில் "சுகம் பெற்ற சகோதரி" என்று வந்தது. அதை மண்டியில் சட்டம் போட்டு மாட்டினேன். கட்டி கரைந்துவிட்டதா என்று நான் அவளிடம் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டால் விசுவாசக் குறைவு என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு புதன்கிழமை, சேலை மாற்ற வேண்டும் என்று கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் சேலைப் பை இல்லை. ஒரு பெரிய பழுப்பு உறை இருந்தது.

"சித்தெ நேரம் உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"சேலை மாத்தப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன வாரமும் போய், கட்டியில ஊசி போட்டுச் சோதனைக்கு எடுத்துக் குடுத்துட்டு வந்தேனுங்க. கோனியம்மன் கோயிலுப் பக்கத்துல பித்தளைப் பாத்திரம் வாங்கப் போறேன்னு சொன்னது பொய்யி."

"என்ன சொன்னாங்க?"

"எடுத்தாகோணுமாம். வெள்ளிக்கெழமை வரச் சொல்லிருக்காங்க. ஆறு மாசம் முன்னாலயே வந்திருந்தா சுலுவா முடிஞ்சிருக்குமாம். இப்ப தொறந்து பாத்துத்தான் சொல்லோணுமாம்."

நான் எழுந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாமல் கை அலமாரிக்குப் போனது. டப்பாவைத் தொடுவதற்குள் அவள் வந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓங்கி வைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற மாதிரி வைத்தாள்.

"யாரைக் கேக்கப் போறீங்க?"

"கர்த்தரைத்தான்."

"இது டப்பாவுங்க."

"சாந்தா, அப்படியெல்லாம் பேசாத. விசுவாசம்..."

"எனக்கு விசுவாசம் இருக்குதுங்க. அதனாலதான் கேக்கறேன். கண்ணாலத்துக்குப் பூவைக் கேட்டாங்க. ஊடு கட்டப் பூவைக் கேட்டாங்க. அதையெல்லாம் உட்டுப்போட்டு வந்தமுன்னு நெனச்சேன். இப்ப என்ற மாருல இருக்கற கட்டிக்கு அட்டையைக் கேக்கறீங்க. என்னைய எப்பங்க கேப்பீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எந்த வியாபாரத்திலும் எனக்கு இரண்டாவது பதில் ஒன்று தயாராக இருக்கும். அன்று இருந்தது ஒரே ஒரு பதில்தான். அது ஆறு மாதமாக உள்ளே அழுகிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு வந்தது மொத அட்டை இல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"மொத ரெண்டையும் உள்ளயே வெச்சுப்போட்டேன். உனக்குக் குடுத்தது மூணாவது."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அந்த அட்டையைத் தலகாணிக்கு அடியில வெச்சுத்தானுங்க ஆறு மாசம் படுத்தேன்" என்றாள். "கட்டி பெருசாவறப்பெல்லாம், என்ற விசுவாசந்தான் பத்தலயாட்டம் இருக்குதுன்னு அதையெடுத்து எடுத்துப் படிச்சேன்."

பிறகு, "மூணாவதுங்களா?" என்று கேட்டாள்.

"மூணாவது."

"என்னைய உங்களுக்குப் பேசினதும் மூணாவது பூவுலதான்னு மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதாவது கதவைத் தட்டி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலுக்கு அம்மனும் பொறுப்பில்லை, அட்டையும் பொறுப்பில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் சுமக்க வேண்டும். அது எனக்குப் பெரிய பாரமாகத் தெரிந்தது. விடுதலை விடுதலை என்று ஐந்து வருஷம் கைதட்டினவனுக்கு, அது இவ்வளவு கனமான சரக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை டயர் கடை மாடிப்படியில் ஏறினேன். பாஸ்டர் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று அட்டையையும் சேர்த்து. அவர் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேக்கலீங்ணா. சாட்சி நல்லா இருக்குதுன்னு மைக்கைத் தூக்கிக் குடுத்துப்போட்டேன்" என்றார்.

"அதை உடுங்க. இப்ப ஆப்பரேசனுக்குப் போலாமா, வேண்டாமா? நீங்க ஜெபம் பண்ணிச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்."

"நான் சொன்னா நானும் ஒரு அட்டைதானுங்ணா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பறம் எதுக்கு இங்க இத்தன பெஞ்சு போட்டு வெச்சிருக்கீங்க? ஒண்ணு கேட்டா ஒரு பதில் இல்ல. அங்க கோயில்லயாச்சும் வெள்ளையோ செவப்போ ஏதோ ஒண்ணு வரும்!"

"வருமுங்க" என்றார் அப்புசாமி. "அது வேணுமுன்னா தடுக்க என்னால முடியாதுங்ணா. அக்கா என்ன சொல்றாங்க?"

நான் எழுந்து படிப் பக்கம் போனேன்.

"கேக்கலீங்களா?"

"கேக்கல."

அவர் குனிந்து துணியை எடுத்தார். "ஞாயித்துக்கெழமை நானே மைக்குல சொல்லீர்றேன். அந்தச் சாட்சியை அவசரப்பட்டுச் சொல்ல வெச்சது நாந்தான்னு."

"சபையில சிரிப்பாங்க. பாதிப்பேரு வரமாட்டாங்க."

"வராட்டிப் போறாங்க. அந்தச் சாட்சியைக் கேட்டுப்போட்டு அக்காவாட்டம் ரெண்டு பொம்பளைங்க இன்னும் டாக்டரைப் பாக்காம உக்காந்திருக்காங்களோ என்னவோ, யாருங்ணா கண்டது?" என்று மறுபடியும் பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்டிக்கு வந்ததும் சட்டம் போட்டு மாட்டியிருந்த பத்திரிகையைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கலாமணி வெள்ளகோவிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். சாந்தாமணிக்குப் பச்சை அங்கி கொடுத்திருந்தார்கள். வளையல், தோடு எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து மகளிடம் கொடுத்திருந்தாள். பத்தே முக்கால் இருக்கும். ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்து, "வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுங்க" என்று என்னிடம் நீட்டினாள். பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு நேரே பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதில்லை என்பதால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சாந்தா, நீ என்ன சொல்ற?"

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். விலை சொல்வதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி. நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள்.

"பயமாத்தானுங்க இருக்குது" என்றாள். "ஆனா பண்ணிக்கறேன். பொழச்சாலும் போனாலும் நான் கர்த்தரு புள்ளதான். அதுல ஒண்ணும் மாறப் போறதில்ல. பண்ணிக்கறேனுங்க."

"என்மேல கோவமா?"

"ஆமாங்க" என்றாள். "அதை வெளிய வந்து பேசிக்கலாம்."

கையெழுத்துப் போட்டேன். தள்ளிக்கொண்டு போனார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். கர்த்தரே, இவளை நல்லபடியாக வெளியே அனுப்பினால் டயர் கடை மாடியை விட்டுச் சபைக்கு ஒரு சொந்த இடம், என்று மனசு தானாகவே ஆரம்பித்துவிட்டது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கையை நீட்டி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இத்தனை காலமும் நான் சாமியிடம் அப்படித்தான் கையை நீட்டியிருக்கிறேன். முதலில் அம்மனிடம், பிறகு இவரிடம். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதன்பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "செஞ்சது தப்பு" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பதிலாக எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாமல் நிறுத்தினது எனக்கே புதுசாக இருந்தது. மனசு லேசாகிவிட்டதா என்றால், இல்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். டப்பாவை வீட்டில் மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர், பொங்கலூர்ப் பக்கத்து ஆளாம், உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரத்துக்கும் அன்றைக்குத்தான் ஆப்பரேசன்.

"ஏனுங்க, மணி என்னங்க? ராவு காலம் போயிருச்சுங்களா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க."

"நாங்க பன்னெண்டுக்கு மேல ஆகட்டுமுன்னு சொல்லிப்போட்டமுங்க. உங்க ஊட்டுல எப்ப உள்ள போனாங்க?"

"பதினோரு மணிக்குங்க."

"அடடா! ராவு காலத்துலயா? யாரும் உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா உட்டீங்க?"

"அவகிட்டக் கேட்டனுங்க. போறேன்னா."

அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு மனசு கேட்காமல், "பயமா இல்லீங்களா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன்.

ஆப்பரேசன் அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பாவாக இருந்திருந்தால், இது செல்லாது, இன்னொருக்கா போடுங்க என்றிருப்பார். நான் உட்கார்ந்திருந்தேன்.